இடிக்கப்போகும் தோட்டக் கந்தோரில் கிடக்கும் பழைய பதிவேடுகளை என்ன செய்வது?

கேள்வி இதுதான். இலங்கை மலைநாட்டில் பழைய தேயிலைத் தோட்டக் கந்தோர் (அலுவலகம்) ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். உள்ளே ஓர் அறை நிறைய செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு), கடிதப் பிரதிப் புத்தகங்கள், பிறப்பு இறப்பு அறிக்கைகளின் அடிக்கட்டைகள், பிரசாவுரிமைக் (குடியுரிமைக்) காலத்துக் கடிதங்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட இளைஞர் மன்றம் ஆயத்தமாக இருக்கிறது. அது போதுமா? இந்தத் தோட்டத்துக் குடும்பங்களைப் பற்றி அரசாங்கத்திடம் இருக்கும் பழைய ஆவணங்களை யாரிடம் கேட்பது?

ஸ்கேனரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இப்படி ஆர்வத்தோடு தொடங்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முறிகின்றன. ஆயிரக்கணக்கான படங்கள் ஒரு டிஸ்கில் சேரும். எந்தப் படம் எந்தப் புத்தகம், எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு), எந்த மாதம் என்பது எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலை தேடிக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போனதும் அந்த டிஸ்க் யாருக்கும் உதவாது. தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஆவணம் இருந்தும் இல்லாததுதான். ஆகவே முதலில் அனுமதி, பிறகு பட்டியல், பிறகு சுத்தம், அதற்கும் பிறகுதான் படம்.

அனுமதியிலிருந்து தொடங்குவோம். மலைநாட்டுத் தோட்டக் காகிதங்கள் பெரும்பாலும் மூன்று கை மாறியவை. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் வரும்வரை பிரித்தானியாவில் பதிந்த ஸ்டேர்லிங் கம்பனியோ இங்கே பதிந்த ரூபாய்க் கம்பனியோ தனியாரோ சொந்தக்காரர். அதன்பின் ஜனவசம (அரசின் தோட்ட அபிவிருத்திச் சபை) அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம். 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள், அதுவும் குத்தகைக்கு. ஆகவே அலுமாரியில் இருக்கும் 1978ஆம் ஆண்டுப் பதிவேடு யாருடையது என்ற கேள்விக்கு இன்றைய துரையின் (தோட்ட முகாமையாளரின்) வாய்ச் சம்மதம் பதிலாகாது. ஜனவசம, கூட்டுத்தாபனக் காலத்துக் காகிதங்கள் அரச நிறுவனம் ஒன்றின் காகிதங்கள். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டப்படி, அரச பதிவேடுகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் சம்மதமில்லாமல் அழிக்கக்கூடாது. கந்தோரை இடிப்பவர்களுக்கு இது தெரியாமலே இருக்கலாம். தெரிந்தால் லொறியில் ஏற்றிக் கொளுத்துவதற்கு முன் யோசிப்பார்கள்.

ஒரு பக்கக் கடிதம் போதும். துரைக்கு எழுதி, கம்பனித் தலைமையகத்துக்கும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் பிரதி அனுப்புங்கள். கேட்க வேண்டியவை மூன்று: முடிவு எடுக்கப்படும்வரை எதையும் அழிக்கவோ விற்கவோ வேண்டாம், எங்கள் செலவில் பட்டியல் எடுக்க அனுமதி தாருங்கள், இடிக்கும் காலத்தில் வைத்திருக்க ஈரமில்லாத ஓர் அறை ஒதுக்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை ஒரு கோவையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. களவு முறைப்பாடு வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஊழியர் சேமலாப நிதிக்கோ வயதை நிரூபிக்கவோ இந்தப் பதிவேட்டைக் காட்ட நேரும்போது, இது எங்கிருந்து வந்தது, இடையில் யார் கையில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தச் சங்கிலி அறுந்த காகிதத்துக்கு மதிப்புக் குறைவு.

அனுமதி வந்ததும் எதையும் தொடாமல் அறையைப் படம் எடுங்கள். ஒவ்வொரு தட்டையும் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. அதன் பின்பு அலுமாரிக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண் கொடுங்கள்: அ-2-14 என்றால் முதலாம் அலுமாரி, இரண்டாம் தட்டு, பதினான்காவது கட்டு. எண்ணைத் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் புத்தகத்துக்குள் செருகுங்கள். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். நாளடைவில் பசை கசிந்து கறையாகும், ஸ்டிக்கர் கழன்று விழும். பட்டியலில் எட்டு நிரல்கள் போதும்: எண், என்ன புத்தகம், எந்த டிவிசன், முதல் திகதி, கடைசித் திகதி, மொழி, என்ன நிலையில் உள்ளது, கிடந்த இடம். இரண்டு பேர் சேர்ந்தால், ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, விறுவிறுவென்று போய்விடும்.

இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரு கை அரிப்பு வரும்: செக்ரோலை எல்லாம் ஒரு பக்கம், கடிதத்தை எல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கலாமே என்று. வேண்டாம். கிளாக்கர் எந்தக் கோவைக்குள் எந்தக் கடிதத்தை வைத்தார் என்பதே ஒரு தகவல். திகதியில்லாத கடிதம் ஒன்றின் ஆண்டை, அதற்கு மேலும் கீழும் இருக்கும் கடிதங்களை வைத்துத்தான் ஊகிக்க முடியும். பிரித்து அடுக்கிவிட்டால் பிறகு யாராலும் அதை மீட்க முடியாது.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், ஒரு மாதத்துச் செக்ரோலை விரித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஆளின் இலக்கமும் பெயரும். நடுவில் 31 கட்டங்கள். முழுப்பேர் (முழு நாள் வேலை) விழுந்த நாளுக்கு 1, அரைப்பேருக்கு ½. வலப்பக்கம் மொத்தப் பேர், சம்பளம், பிறகு கழிவுகள்: அரிசி, கம்பளி, முற்பணம், டோபி (சலவைத் தொழிலாளி), பாபர் (முடிதிருத்துபவர்). கடைசி நிரலில் கைக்குக் கிடைத்தது. சிலருக்கு அதுவும் கடனாகவே அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும். ஆணா பெண்ணா என்று எழுதியிராத பக்கங்களில் கூலி வீதமே சொல்லிவிடும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு நாளின் கட்டம் எல்லாப் பெயர்களுக்கும் வெறுமையாக, நெடுங்கோடு போல் கிடந்தால் அன்று ஞாயிறு, திருவிழா, அடைமழை, இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். எது என்று செக்ரோல் சொல்லாது. அதே கிழமையின் கடிதப் பிரதிப் புத்தகம் சொல்லும். இரண்டையும் வேறு வேறு பெட்டியில் போட்டுத் திகதியும் எழுதாமல் விட்டால் அந்த நாள் தொலைந்தது.

இனிக் காகிதத்தின் உடம்புக்கு வருவோம். மலைநாட்டில் குளிர் இருக்கிறதே, காகிதத்துக்கு நல்லதுதானே என்று சொல்வார்கள். பாதி சரி. அரசாங்கச் சுவடிகளே ஒரு காலத்தில் நுவரெலியாவில்தான் வைக்கப்பட்டிருந்தன. குளிர் காகிதத்தின் இரசாயனச் சிதைவை மந்தமாக்கும். ஆனால் இங்கே குளிரோடு மூடுபனியும் மழையும் சேர்ந்தே வருகின்றன. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நல்ல ஈரத்தில் இரண்டு மூன்று நாட்களே போதும். ஆவணங்களுக்கு 45 முதல் 55 சதவீதம் உகந்தது. மழைக்காலத்தில் லிந்துலையிலோ அக்கரப்பத்தனையிலோ இயந்திரமில்லாமல் அதை எட்ட முடியாது. 60க்குக் கீழே வைத்திருந்தாலே வெற்றி. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை அறையில் மாட்டிக் காலையும் மாலையும் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் எந்தச் சுவர் ஈரம், எந்த நேரத்தில் யன்னல் திறக்கலாம் என்பது தெரிந்துவிடும். மூடுபனி இறங்கும் பின்னேரத்தில் யன்னலைத் திறப்பது ஈரத்தை அழைத்து உள்ளே விடுவதுதான்.

இரும்பு அலுமாரி கறையானைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் இரவில் உட்பக்கத் தகரம் வியர்த்து, பின்வரிசைப் புத்தகங்கள் நனையும். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே எந்த அலுமாரியும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் மேலே பொலித்தீன் விரிப்பைக் கூரை போல் சாய்த்துக் கட்டி, காற்றுப் போக இடம் விடுங்கள். பல தோட்டங்களில் பழைய தேயிலைப் பெட்டிகளில் காகிதம் அடைத்து வைத்திருப்பார்கள். பலகையில் அமிலம் இருக்கிறது, கறையான் ஏறும். உள்ளே ஈயத்தாளோ அலுமினியத் தாளோ கிழிந்திருந்தால் அது காகிதத்தையும் கிழிக்கும். எடுத்து மாற்றுங்கள். அமிலமில்லாத அட்டைப்பெட்டி ஹட்டனிலோ பதுளையிலோ கடையில் கிடைக்காது. அதற்குச் சமமாக இல்லாவிட்டாலும் மோசமில்லாத வழி, கஞ்சி போக இரண்டு முறை அலசிக் காயவைத்த வெள்ளைக் காடாத்துணியில் சுற்றி, பருத்தி நாடாவால் தட்டையாகக் கட்டுவது. இறப்பர் வளையம் போட்டால் சில வருடங்களில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

வேப்பிலை, வசம்பு, கற்பூரம், பூச்சி உருண்டை எல்லாம் பூச்சியைக் கொஞ்சம் விரட்டும். பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலை தானே ஈரத்தைக் கொண்டுவரும். புழுவோ பூச்சியோ உயிரோடு இருக்கும் புத்தகத்தைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காற்றை அமுக்கி ஒட்டி, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை வரை போகும் ஆழ்குளிர்பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த காகிதத்தில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். புகைப்படங்கள், கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தால் அவற்றை இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

பூஞ்சணம் பிடித்ததை அறைக்குள் தட்டாதீர்கள். வெளியே, காற்று உங்களிடமிருந்து அப்பால் வீசும் பக்கம் நின்று, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, மென்மையான அகலத் தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழியுங்கள். தூரிகை பட்டதும் தூளாகப் பறந்தால் காய்ந்தது. இழுபட்டுப் பூசினால் இன்னும் உயிரோடு இருக்கிறது, முதலில் காய வேண்டும். வெயிலில் போட வேண்டாம். ஓரங்கள் சுருண்டு மை வெளுக்கும். நிழலும் மின்விசிறியும் போதும். டெட்டோல், ஸ்பிரிட் எதுவும் தொடக்கூடாது. குறிப்பாகக் கடிதப் பிரதிப் புத்தகங்களில். மெல்லிய தாளில் ஈரம் வைத்து அமுக்கிப் பிரதி எடுத்தவை அவை. அந்த ஊதா மை ஒரு துளி வியர்வைக்கே கரைந்து ஓடும்.

கூரை ஒழுகியோ மண்சரிவிலோ முழுதாக நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரிலும், டித்வா புயலின்போது 2025 நவம்பரிலும் மலை இறங்கி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இது எங்கோ நடக்கும் விஷயமல்ல. நனைந்த புத்தகத்தைத் திறக்க முயலாமல், சேறிருந்தால் மூடியபடியே சுத்தமான தண்ணீரில் அலசி, பொலித்தீனில் சுற்றி உடனே உறையவைத்துவிடுங்கள். நகரத்து மீன்கடை, ஐஸ்கிரீம் கடைக் குளிர்பெட்டி உதவும். உறைந்தால் அழுகல் நிற்கும்; பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆறுதலாகக் காயவைக்கலாம். ஒரு சில புத்தகங்கள் மட்டும் என்றால், பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, நனைய நனைய மாற்றி, விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிய்க்காமல் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் போட்டால் தாமாகப் பிரியும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாளோடு வரும். ஊசிக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துரு ஒட்டிய இடத்தை மெல்ல விடுவித்த பிறகு உருவுங்கள். கிழிசலுக்கு செலோடேப் கூடாது. லாமினேட் செய்வது இன்னும் மோசம்: சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் கழற்ற முடியாது. பழைய பிரசாவுரிமைச் சான்றிதழையும் துண்டையும் (அந்தக் காலத்தில் தோட்டம் மாறத் துரை கொடுத்த சீட்டு) பாசத்தோடு லாமினேட் செய்துவைத்த வீடுகள் மலையகத்தில் ஏராளம். பாசம் சரி, முறைதான் பிழை. நீண்ட காலம் வைக்கத் தெளிவான பொலியெஸ்டர் உறை போதும்.

இப்போது கமராவை எடுக்கலாம். தட்டை ஸ்கேனர் வேண்டாம். முதுகு தைத்த பதிவேட்டை அதில் கவிழ்த்து அமுக்கினால் தையல் அறும். மேலிருந்து நேர் கீழே பார்க்கும்படி பொருத்திய 24 மெகாபிக்சல் கமராவும், இருபுறமும் 45 பாகையில் இரண்டு வெள்ளை விளக்கும் போதும். கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000 க்கு 4000 புள்ளிகள். ஏ3 தாளின் குறுகிய பக்கம் 29.7 சென்றிமீற்றர், அதாவது 11.7 அங்குலம்; அதில் 4000 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 342 கிடைக்கிறது. விரித்த செக்ரோல் ஏ2 அளவுக்கு வரும். அதை ஒரே படமாக எடுத்தால் 242 தான். கட்டத்துக்குள் இருக்கும் ½ஐயும் 1ஐயும் பிரித்துப் பார்க்க 300 வேண்டும். ஆகவே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டாக எடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முதற்படத்திலும் பட்டியல் எண் எழுதிய அட்டை, ஓர் அளவுகோல், நிற அட்டை மூன்றும் இருக்கட்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். விட்டால் கிழிந்ததா, வெறுமையா என்று பின்னால் தெரியாது.

கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் தாங்கியில் பூட்டி, சாதாரணக் கமராவாக மட்டும் பாவியுங்கள். ஆவண ஸ்கேன் செயலிகள் பின்புலத்தை வெளுத்து எழுத்தைக் கறுப்பாக்கும். மையில் எழுதியது நன்றாகத் தெரியும், கணக்கப்பிள்ளை பென்சிலால் போட்ட திருத்தமும் டிக்கும் காணாமல் போய்விடும். பார்க்க அழகாக இருப்பதால் இந்தப் பிழையை மூல ஏடு கையைவிட்டுப் போன பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

மூலப்படத்தை டிஃப் வடிவில் வையுங்கள். ஒரு படம் ஏறத்தாழ 72 மெகாபைட். 400 படமுள்ள ஒரு பதிவேடு 29 கிகாபைட். இருபது பதிவேடு என்றால் ஒரு டெராபைட் டிஸ்கில் பாதிக்கு மேல். வாசிக்கக் கொடுப்பதற்கு ஜேபெக் அல்லது பிடிஎஃப் பிரதி தனியாக. கோப்புப் பெயரில் எண்கள் மட்டும்: தோட்டக் குறியீடு, பதிவேட்டு எண், பக்க எண், உதாரணமாக 012-0034-0157. விவரம் எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். அந்தப் பட்டியலைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். பாமினியில் அடித்தது எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. யுனிகோட் மட்டும்.

பெயர்களுக்குத் தனிப் பட்டியல் எடுக்கும்போது அதில் இரண்டு நிரல் வேண்டும். ஒன்றில் ஏட்டில் இருப்பது இருந்தபடியே, பிழையோடு. மற்றதில் நாம் இன்று எழுதும் வடிவம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் கிளாக்கர் காதால் கேட்டு எழுதினார். அதைப் பதிவாளர் கந்தோரில் சிங்களத்தில் எழுதினார்கள். பிறகு அடையாள அட்டைக்குத் திரும்பத் தமிழுக்கு வந்தது. ஒரே வெள்ளையம்மா மூன்று ஆவணத்தில் மூன்று பேராக நிற்பார். சேமலாப நிதியில் பி காட்டின் (அங்கத்தவர் அட்டையின்) பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒத்துவராமல் எத்தனை பேர் அலைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டப் பெயரும் அப்படித்தான்: ஆங்கிலப் பெயர், நாம் கூப்பிடும் பெயர், பக்கத்துத் தோட்டத்தோடு இணைத்த பிறகு வந்த பெயர். 1859 முதல் வந்த பேர்கூசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டப் பெயர், ஏக்கர், துரை, கம்பனி எல்லாம் உண்டு. எந்தத் தோட்டம் எதனோடு சேர்ந்தது என்று அதில் ஆண்டாண்டாகப் பார்த்துப் பிடிக்கலாம்.

மூன்று பிரதி, அதில் ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. ஒரே இடத்தில் வைத்ததால் என்ன ஆனது என்பதற்கு 1981 ஜூனில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தவிர வேறு சான்று தேவையில்லை. இணையப் பிரதிக்கு 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தை அணுகலாம். மூல ஏடுகளுக்கு இடமில்லை என்றால், கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயனில் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகத்திடமும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திடமும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிடலாமா என்றால், பட்டியலை முழுமையாகத் திறக்கலாம், படங்களை அப்படி அல்ல. பழைய பேரேடுகளில் சாதி எழுதியிருக்கும், கடன் இருக்கும், நோய் இருக்கும். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டி பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை ஊர் முழுக்கக் கைபேசியில் பார்க்க வைப்பது சேவையல்ல. என் கணிப்பில், பிறப்பு விவரமும் சாதியும் உள்ள பக்கங்களை 100 ஆண்டுக்கும், கடன், ஒழுக்காற்று, வைத்திய விவரங்களை 75 ஆண்டுக்கும் மூடிவைத்து, சொந்தக் குடும்பத்தார் கேட்டால் மட்டும் காட்டுவது நியாயம். கூலி, வேலைநாள், அரிசி போன்ற கணக்குகளைப் பெயர் நிரலை மறைத்து இப்போதே வெளியிடலாம். ஆய்வாளருக்கு அது போதும்.

இனி அரசாங்கத்தின் பக்கம். தோட்டக் கந்தோரில் இருப்பது கதையின் பாதி. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் வெறும் கட்டங்கள். அரசாங்கம் நியமித்த விசாரணைக்குழுவின் அறிக்கை செசனல் பேப்பராக (அரசாங்கம் சட்டசபைக்கு வைக்கும் அறிக்கைத் தொடரில்) அச்சானது. தேசாதிபதி லண்டனுக்கு எழுதியவை அங்கே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இலங்கைக் கடிதப் போக்குவரத்துக்கான சிஓ 54 என்ற தொடரில் தேட வேண்டியவை. அன்றைய பத்திரிகைகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில். ஒரே சாவுக்கு நான்கு இடம்.

தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகும்போது குடும்பப் பெயரோடு போகாதீர்கள். அங்கே ஆவணங்கள் பெயர்வாரியாக இல்லை, அவற்றை உருவாக்கிய கந்தோர்வாரியாக, லொட் (தொகுதி) எண்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன. லொட் 1 ஒல்லாந்தர் காலம். உங்களுக்கு வேண்டியது கச்சேரிக் (மாவட்ட நிர்வாகக் கந்தோர்) கோவைகள், அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், நிர்வாக அறிக்கைகள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இந்தியத் தொழிலாளர் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளும், கண்டியில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் அறிக்கைகளும் மிக முக்கியம். தோட்டம், மாவட்டம், ஆண்டு மூன்றும் கையில் இருந்தால் ஒரு நாளில் சரியான லொட்டைப் பிடிக்கலாம். அடையாள அட்டை கொண்டுபோங்கள். வாசிப்பறையில் பென்சில் மட்டும் பாவியுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். இந்தியப் பக்கத்துக்கு, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசாங்கத்தின் குடியகல்வுக் கோவைகள் உண்டு.

பிறப்புப் பதிவுக்கு வழி வேறு. தோட்டப் பிறப்புகளைத் துரை அறிக்கை செய்ய, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு நடந்தது. ஆகவே கிராமத்துப் பதிவாளரிடம் தேடி “இல்லை” என்று திரும்பி வந்தவர்கள் தோட்டப் பதிவேட்டைக் கேட்டுத் திரும்பப் போக வேண்டும். பிள்ளையின் பெயரில்லாமல் தாய் தந்தை பெயர் மட்டும் பதிந்திருப்பது சாதாரணம். பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது, தாயின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். கந்தோரில் கிடக்கும் அறிக்கை அடிக்கட்டைகள் இங்கேதான் உயிர் பெறும்: அதில் உள்ள திகதி தேடலைச் சில நாட்களுக்குச் சுருக்கிவிடும். தேடியும் பதிவில்லை என்ற அறிக்கை கிடைத்தால் மட்டுமே உத்தேச வயதுச் சான்றிதழ் பக்கம் போங்கள்.

பிரசாவுரிமைக் கோவைகளில், எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் என்று முதலில் தெரிய வேண்டும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்திய 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், 1986, 1988, 2003 சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பமும் கோவை இலக்கமும் வேறு. 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பிரித்தபோது ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பட்டியல், தம்பி ஒரு பட்டியல் ஆனது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு கோவை என்று எண்ணாமல் ஆளுக்கு ஒரு கோவை என்று தேடுங்கள். வீட்டில் பழைய கடித உறை இருந்தால் அதன் மேல்மூலையில் உள்ள இலக்கமே சாவி. இன்று பிரசாவுரிமை விவகாரம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் உள்ளது.

கேட்டும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால் கட்டணம் கட்டி 14 நாட்களுக்குள் தர வேண்டும். பெரிய தேடல் என்றால் 21 நாள்வரை நீட்டலாம். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் தீர்மானிக்க வேண்டும்; அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இந்தச் சட்டத்துக்குள் நேரடியாக வருகின்றன. இந்தச் சட்டத்தில் பதிவேடுகளைப் பேணச் சொல்லும் கெடு பழையவற்றுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு, புதியவற்றுக்கு 12 ஆண்டு. எழுபதுகளின் கோவைகளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது, அங்கே சுவடிகள் சட்டம்தான் பிடி.

முதல் விண்ணப்பத்திலேயே ஆவணத்தைக் கேட்காதீர்கள், ஆவணங்களின் பட்டியலைக் கேளுங்கள்: “1975 முதல் 1992 வரை இந்தத் தோட்டம் தொடர்பாக உங்களிடம் உள்ள பதிவேடுகளின் விவரம், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கையளித்தவற்றின் விவரம், அழித்தவற்றின் விவரம்.” பட்டியல் வந்தால் இரண்டாவது விண்ணப்பத்தில் இலக்கம் சொல்லிக் கேட்கலாம்; “தகவல் தெளிவில்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது. அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால், யாருடைய சம்மதத்தோடு, எந்தத் திகதியில் என்ற பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். அந்தப் பத்திரத்தைத் தேடப்போகும்போது, அழித்ததாகச் சொன்ன கோவையே அலுமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே வருவதும் உண்டு.